மூச்சு விட்ட பிணம்

பேச்சு எப்படி சினிமா பக்கம் திரும்பியது என்று அவனுக்கு இப்போது சரியாக நினைவில்லை. காதலித்தவளின் அப்பாவிடம் சம்மதம் கேட்கப் போயிருந்தான். அவர் வாயே திறக்கவில்லை. அதனால் இவனே பேசிக்கொண்டிருந்தான்.

“காதல் படம்னா எனக்கு உயிர் சார். ஆனா போன வருஷம் ஒரு பேய்ப்படம் வந்துச்சே, மகா குப்பை!”

காதலி கண்ணைக் காட்டினாள். அவன் கவனிக்கவில்லை.

“ஏன் தம்பி?” என்று கேட்டார் அப்பா.

“ஊரே பிணத்தைச் சுத்தி நின்னு கதறுது. அது பாட்டுக்கு ஜம்முனு மூச்சு விடுது சார்! வயிறு ஏறி இறங்குது. பிணமா நடிக்கக்கூடத் தெரியாத ஆளை எங்கே பிடிச்சாங்களோ!”

காதலியின் அம்மா விருட்டென்று எழுந்து உள்ளே போனாள்.

“இந்த வீட்லதான் பிடிச்சாங்க” என்றார் அப்பா. “அது நான்தான்.”

அவன் பதறி எழுந்தான்.

“உட்காருங்க மாப்பிள்ளை. தத்ரூபம், தத்ரூபம்னு ஒரு வருஷமா எல்லாரும் என்னை ஏமாத்துறாங்க. உண்மை பேச வீட்ல ஒரு ஆள் வேணும்.”

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாமனார் அதற்கப்புறம் நடிக்கவில்லை. தியேட்டரில் அந்தப் பிணத்தைப் பார்த்து நிஜமாகவே அழுத மாமியார்தான் இன்னும் மருமகனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.