அலங்காரத் தட்டு

விண்மீன்களின் உயரத்தை அளக்க பாக்தாதில் செய்த பித்தளைக் கருவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அருங்காட்சியகத்தார் அதைச் சுவரோடு ஆணியடித்து மாட்டி, 'அலங்காரத் தட்டு, செய்தவர் பெயர் தெரியவில்லை' என்று கீழே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

எதிரே நின்ற தொலைநோக்கி இளித்தது. "அப்பன் பேர் தெரியாத தட்டே! நான் வர்றதுக்கு முன்னாடி வானத்தை எவன் பார்த்தான்? அதோ, ஜன்னல்ல அல்டெபரான் நட்சத்திரம் தெரியுது பாரு."

"வாயை மூடு! அல்டெபரான்ங்கிறது எங்க ஆசானுங்க, அந்த உஸ்தாதுங்க வச்ச அரபுப் பேரு. பார்க்காமலா பேரு வச்சாங்க? என்னைச் செஞ்ச சஃப்வான் உஸ்தாத், என் முதுகுல தன் பேரையும் வெட்டியிருக்கார்."

தொலைநோக்கி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"எப்படிடா தெரியும்?" ஆணியில் கிடந்து அதிர்ந்தது கருவி. "முதுகைச் சுவரோட சேர்த்து அறைஞ்சுட்டுத்தானே, பேர் தெரியலைன்னு எழுதினானுங்க!"