பெட்டியைத் தள்ளக் கூடாது

டைகட்டி டிஷ்யூ பெட்டியை அவள் பக்கமாகத் தள்ளினான்.

அவள் இன்னும் அழ ஆரம்பிக்கவே இல்லை.

மக்கு, என்று நினைத்துக்கொண்டாள். பெட்டி முதலிலேயே அங்கே இருந்திருக்க வேண்டும். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், யாரோ எப்போதோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி. கண்ணெதிரிலேயே தள்ளினால், இதோ உன்னை அழவைக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதாக ஆகாதா?

அவன் பணியாளர் பிரிவின் அதிகாரி. முப்பது வயது. கொளுத்துகிற வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வருவதால் அலுவலகமே அவனுக்கு வைத்த பெயர்தான் டைகட்டி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான், பந்தியில் இடம் கிடைக்குமா என்று பார்க்கிறவன் போல.

ஒன்பது வாரமாக இதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் கூட்டங்களுக்குக் கூப்பிடுவது நின்றது. பிறகு அவள் மேசை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் போனது. பிறகு தொலைபேசி செத்தது. வயரை எலி கடித்துவிட்டதாம். அந்த எலிக்கும் அவள் வயர் மட்டும்தான் ருசித்திருக்கிறது.

பதினாறு வருடம் வேலை பார்த்த இடத்தில், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மெஷினின் சூட்டில் உட்கார்ந்து, அடுத்தவர்களின் காகிதங்கள் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகல் எடுக்க வருகிறவர்கள் மெஷினைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

தாங்காமல் நீயே போய்விடு என்று அர்த்தம். தானாகப் போனால் கைக்கு ஒன்றும் வராது. அவர்களாக அனுப்பினால் ஆறு மாதச் சம்பளம் தர வேண்டும், காரணத்தையும் எழுதித் தர வேண்டும். ஆனால் நாற்பத்தெட்டு வயதில், நீக்கப்பட்டவள் என்ற பேரோடு வேறு யார் கதவைத் தட்டுவது?

"மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வாடி" என்றாள் அக்கா. "அவனுங்க வாயால சொல்லட்டும், நீ அசையாத" என்றார் கணவர். காலையில் தலை வாரும்போது அவள் அக்கா கட்சி. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கணவர் கட்சி. ஒன்பது வாரமும் இப்படித்தான் போயிற்று.

டைகட்டி ஒரு தாளை முன்னால் நகர்த்தினான். தட்டச்சு செய்து தயாராக இருந்த ராஜினாமாக் கடிதம். அவள் கையெழுத்துதான் பாக்கி.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மேடம். கௌரவமா போயிடலாம்."

மனப்பாடம். 'கௌரவமா' என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு விட வேண்டும். அதைக்கூட விடவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் மரமாக நிற்கிற குழந்தை இதைவிட நன்றாக நடிக்கும்.

அவள் படித்தாள். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில், எனது ஓட்டுநர் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.'

ஓட்டுநர்.

அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

பழைய கடிதத்தை எடுத்துப் பெயரை மாற்றியவன், வேலையை மாற்ற மறந்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கியதில் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அவன் பெட்டியை இன்னும் ஓர் அங்குலம் தள்ளினான்.

சிரிப்பு ஓய்ந்த பிறகும் அந்தச் சொல் தாளில் இருந்தது. அந்த ஓட்டுநரை அவளுக்குத் தெரியும். நரைத்த மீசை. இதே நாற்காலியில், வண்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேனாவை எடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார்.

அதையே அவளும் கேட்டாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அடுத்த நிமிஷம் போயிடறேன்."

டைகட்டி கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான். பிறகு மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"மேடம்... இப்படிக் கேட்டா என்ன சொல்லணும்னு நீங்க சொல்லித் தரலையே."

உண்மைதான். இப்போது அவன் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் ஒன்பது வாரத்துக்கு முன்புவரை இருந்தவள் அவள். பெட்டி, மூச்சு, எலி வரைக்கும் சொல்லித் தந்தவள் இதை மட்டும் விட்டுவிட்டாள். இந்த அறையிலிருந்து இருபத்தாறு பேரை அனுப்பியிருக்கிறாள். கேட்டவர் அந்த ஒருவர்தான். அவருக்கு அவள் பதில் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பி நேரம் பார்த்தாள், அவ்வளவுதான். தன்னால் மேடத்துக்கு நேரமாகிறதே என்று கூசிப்போய் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். போகும்போது மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

அவள் தாளைத் திருப்பி அவன் பக்கமே வைத்தாள். போகப்போவதில்லை. கணவர் சொன்னதற்காகவோ ஆறு மாதச் சம்பளத்துக்காகவோ இல்லை. இருபத்தேழாவது ஆளுக்காவது என்ன தப்பு என்று எழுதட்டும்.

பிறகு கைக்கடிகாரத்தைத் திருப்பி நேரம் பார்த்தாள்.

டைகட்டி பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி, நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.