சிமென்டா, மண்ணா?

"வாய்க்காலுக்கு சிமென்ட் பூசினாத்தான் தண்ணி வீணாகாதுன்னு எங்க ஆபீசர்..."

"பூசிட்டா தண்ணி எப்படிப் பூமிக்குள்ள இறங்கும்னு எங்க ஆபீசர் கேக்கறாரே!"

பாசனப் பிரிவு லூர்துராஜும் நிலத்தடி நீர்ப் பிரிவு பர்வினும் எதிரெதிர் மேசையிலிருந்து மோதிக்கொண்டார்கள். நடுவில் பெஞ்சில் ரஹ்மத் பீவி. வாய்க்காலை அடைத்து வேலையைப் பாதியில் நிறுத்தியதால் அவளுடைய நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது.

"சிமென்டோ மண்ணோ, அடைப்பை எடுத்து விடுங்க தம்பி. புள்ளைங்க அத்தா சவூதியில இருக்காங்க. நாத்து போச்சுன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"எங்க ஆபீசர் உத்தரவு போட்டாச்சும்மா. அவங்க ஆபீசர்தான் குறுக்க நிக்கறாரு."

"நிக்காம? அதுதானே அவரு வேலை!" என்றாள் பர்வின்.

"அந்த ரெண்டு ஆபீசரையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பேச விட்டா என்ன?" என்றாள் ரஹ்மத் பீவி.

லூர்துராஜும் பர்வினும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள்.

உள்ளறைக் கதவு திறந்தது. அதிகாரி அருள்பிரகாஷ் வந்தார்.

"லூர்து, நம்ம சிமென்ட் வேலைக்கு ஆட்சேபணை வந்திருக்கு. காட்டமா பதில் எழுதுங்க. பர்வின், அவங்க என்ன பதில் எழுதினாலும் நாம விட்டுக்கொடுக்கக் கூடாது."

ரஹ்மத் பீவி உள்ளே எட்டிப் பார்த்தாள். அறையில் வேறு யாருமில்லை.

"நிலத்தடி நீர் ஆபீசர் நாற்காலி காலிம்மா," என்று முணுமுணுத்தார் லூர்துராஜ். "அதுவும் சாருக்குத்தான் கூடுதல் பொறுப்பு. மேலேருந்து ரெண்டுக்கும் தனித்தனியா இலக்கு கேக்கறாங்க."

ரஹ்மத் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"ஐயா, நீங்களாவது அந்த ரெண்டு ஆபீசருக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?"