தனியாகப் பேசட்டும்

பெண் பார்க்கப் போன இடத்தில், "ரெண்டு பேரும் தனியாப் பேசட்டும்" என்றால் மொட்டை மாடிக்குப் போவார்கள். ஜெயமணியின் மகன் சிவபிரகாஷும் அவனுக்குப் பார்க்க வந்த பெண் வைஜெயந்தியும் கடலுக்கு அடியில் போயிருந்தார்கள்.

அந்தச் சின்னக் கடற்கரையில் காத்திருந்த ஜெயமணியிடம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னைக்கார அம்மாள் சிரித்தாள். "வாயில ட்யூபைக் கடிச்சிக்கிட்டு என்னத்தைங்க பேசறது?"

"இடத்தைச் சொன்னதே பொண்ணுதாங்க" என்றாள் ஜெயமணி. இதற்குமுன் பார்த்த பெண்களெல்லாம் அவனோடு ரெண்டு வார்த்தை பேசாமலேயே எழுந்து போனவர்கள்.

முதலில் தலை நீட்டியவன், கூடவே இறங்கியிருந்த டைவிங் மாஸ்டர் ஃபைசான்.

"அரே ஆன்ட்டி, என்னா பேச்சு! ஒரு மீனைக்கூடப் பாக்கல. டைம் ஆச்சுன்னு கூப்பிட்டா, இருங்க பாய்னு என்னையே அடக்குறாங்க!"

"தண்ணிக்குள்ள பேச்சா?" சென்னை அம்மாள் விழித்தாள்.

பிறவியிலேயே காது கேளாத அந்த இருவரின் கைகளும் கரையேறிய பிறகும் ஓயவில்லை. ஜெயமணி நடுவில் புகுந்து, விரல்களை அசைத்து மகனிடம் கேட்டாள்: 'பிடிச்சிருக்கா?'

ஈரக் கைகளால் அவன் பதில் சொன்னான்: 'சரியான வாயாடிம்மா!'