சம்பந்திகள் கப்பலேறுகிறார்கள்

“சம்பந்திக்கு எட்டாவது தளம்னா, எனக்கு ஒன்பதாவது போடும்மா” என்றார் பொறியாளர்.

உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் போடும் ஏஜென்ட் பெண் கம்ப்யூட்டரில் தட்டுவதை நிறுத்தினாள். அவள் மேசைக்கு எதிரே ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. நடுவில் புதிதாகக் கல்யாணமான ஜோடி, ஒரு பக்கம் பெண்ணைப் பெற்றவர்கள், மறுபக்கம் பையனைப் பெற்றவர்கள். ஜோடியை நடுவில் உட்கார வைத்தது பாசத்தால் அல்ல, பாதுகாப்பு கருதி.

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற பொறியாளர். அவர் ஓய்வு பெற்றுவிட்டதை ஊரே நம்பியது, அவர் மட்டும் இன்னும் நம்பவில்லை. பையனின் அப்பா ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வீட்டில் உப்பு டப்பாவை நகர்த்துவதற்குக்கூட யாராவது தன்னிடம் விண்ணப்பம் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்.

“அவருக்கு ஒன்பதுன்னா எனக்குப் பத்து” என்றார் மேலாளர். “பையன் வீட்டுக்காரன் தலைமேல இவர் செருப்பு போட்டு நடப்பாராமா?”

“பத்தாவது தளத்துல ரூம் இல்ல சார்.”

“அப்ப அவரைக் கீழ இறக்கு.”

“என்னைக் கீழ இறக்க இவர் யாரும்மா? கல்யாணத்துல முன்வரிசை நாற்காலிக்கு அடிச்சுக்கிட்ட ஆளு!”

“நாற்காலியாவது இருந்துது சம்பந்தி. சாப்பாடுதான் பாதியிலயே தீர்ந்துபோச்சு.”

குடும்ப மானம் கப்பலேறுவதற்குக் கப்பல் வரும்வரை காத்திருக்கவில்லை. பக்கத்து மேசையில் விமான டிக்கெட்டுக்காக வந்திருந்தவர், வேலை முடிந்தும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

உண்மையில் இரண்டு பேருக்குமே கடல் ஆகாது. ஒருவர் பஸ்ஸிலேயே தலைசுற்றி ஜன்னலோரம் கேட்பவர். மற்றவர் குளியலறையிலேயே குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்பவர். ஆனால் சம்பந்தி வரச் சம்மதித்துவிட்டார் என்று மகள் சொன்ன நிமிடமே பொறியாளருக்குக் கடல் பிடித்துப்போனது. அதே சேதியை மகன் போய்ச் சொன்னதும் மேலாளருக்கும் பிடித்துப்போனது.

இந்தப் பயணத்துக்காகச் சின்னவர்கள் இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமானதிலிருந்து அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு காப்பியை நிம்மதியாகக் குடித்ததில்லை. டம்ளர் வாய்க்குப் போவதற்குள் ஏதாவது ஓர் அப்பா புகாரோடு வாசலில் நிற்பார். அவர் போனதும், அவர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்க அடுத்த அப்பா வருவார். முதல் விடுமுறையாவது சண்டையில்லாமல் கழிய வேண்டும், பெரியவர்கள் மனம் மாறுவதற்குள் இன்றே புக் செய்துவிட வேண்டும். அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஏஜென்ட் பெண்ணுக்குப் பாவமாக இருந்தது. இந்த ஆட்களைக் கட்டி இழுத்துக்கொண்டா கடலுக்குப் போகிறார்கள்? தன்னால் முடிந்த நல்லதைச் செய்ய நினைத்தாள்.

“மேடம், இந்தக் கப்பல் வழியில ரெண்டு தீவுல நிக்கும். நீங்க எறங்கித் தனியா சுத்திட்டு வரலாம்.”

“எங்கயும் நிக்காத கப்பல் எதுவும் இல்லையா?” என்றாள் மருமகள்.

“இருக்கு. ஆனா ஏறினா ஏறினதுதான் மேடம். திரும்பி வர்ற வரைக்கும் யாரும் எறங்க முடியாது. அதை யாரும் கேக்கவே மாட்டாங்க.”

“அதையே போடுங்க.”

கடல்மேல் அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று ஏஜென்ட் பெண் நினைத்துக்கொண்டாள்.

“சாப்பாட்டு மேசையாவது தனித்தனியாத் தருவாங்களா?” என்று கேட்டார் பெண்ணின் அம்மா.

“ஆமா, கேட்டு வைங்க. அவங்க எதிர்ல உக்காந்தா எனக்குத் தண்ணிகூட எறங்காது” என்றார் பையனின் அம்மா. கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தியம்மாக்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

ஏஜென்ட் பெண் திரையில் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தாள்.

“ஒரே தளம் சார். கட்டில், பால்கனி, அளவு எல்லாம் ஒண்ணுபோலவே இருக்கும். ஒருத்தருக்கு ஒரு இஞ்சு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. ஆனா ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ரூம். நடுவுல ஒரு கதவுகூட இருக்கு.”

பொறியாளரும் மேலாளரும் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?” என்று இரண்டு அப்பாக்களும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“ரெண்டு பக்கமும் சார்.”

சமாதானம் ஏற்பட்டது. வேறு யோசனை வருவதற்குள் மகன் அவசரமாகத் தலையாட்ட, ஏஜென்ட் பெண் பட்டனைத் தட்டினாள். “புக் ஆயிடுச்சு. இனிமே மாத்தவும் முடியாது, ரத்து பண்ணவும் முடியாது.”

பெரியவர்கள் எழுந்தார்கள். லிஃப்டுக்குள் முதலில் நுழைவது யார் என்ற கேள்வி எழுந்ததால், இரண்டு அப்பாக்களும் படிக்கட்டில் ஆளுக்கொரு ஓரமாக இறங்கினார்கள். மனைவிமார் லிஃப்டில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி போனார்கள். கல்யாணச் சாப்பாட்டுப் பேச்சு மாடிக்கு மாடி தேய்ந்து, கடைசியில் வாசல் கதவு சாத்தும் சத்தத்தோடு அடங்கியது.

ஏஜென்ட் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்களை நெனச்சா பாவமா இருக்கு மேடம். உங்க ரூமையாவது அவங்ககிட்டருந்து தள்ளி, கப்பலோட அந்தக் கோடியில போட்டுத் தரேன். எந்தத் தளம் வேணும், சொல்லுங்க?”

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தான். அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்களுக்கு எங்க வீடே போதுங்க.”