தரையை ஒட்டிய கோடுகள்

வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தியதும், தச்சரான அப்பா ஆண்டுதோறும் சுவரில் பென்சிலால் குறித்த பெனிட்டாவின் உயரங்கள் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, தரையிலிருந்து கட்டைவிரல் உயரத்துக்குள், இன்னும் மூன்று கோடுகள் இருந்தன.

"இவ்வளவு குட்டியாவா இருந்தேன்?"

அம்மா குனிந்து தடவினாள். "அது நீ இல்லட்டி. என் கர்ப்பப்பை வாயோட நீளம். வாராவாரம் ஸ்கேன்ல அளப்பாங்க. கொறஞ்சுக்கிட்டே வந்தா நீ முந்திப் பொறந்துருவியாம். நான் படுத்தே கெடப்பேன். ஒங்கப்பா ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்துட்டு, அதே அளவ இங்க வரைஞ்சு காட்டுவாரு."

கோடுகளின் பக்கத்தில் முப்பது, இருபத்திரண்டு, பதினாறு என்று மில்லிமீட்டர் கணக்கு இறங்கியிருந்தது.

"நாலாவது வாரம் வரையலையா?"

"அந்த வாரம் ரிப்போர்ட்டப் பாத்துட்டு, பென்சிலக் காணோம்னாரு." அம்மா சிரித்தாள். "காதுலதான் சொருகியிருந்தாரு."