நாலு மணி வெயில்

"பவ்யா! யாரு இத மறுபடியும் வெயில்ல தூக்கி வெச்சது?"

மாடிப்படி ஏறி வந்த மணிவேலுக்கு மூச்சு வாங்கியது. தோளில் கம்பெனிப் பை அப்படியே தொங்கியது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து தெருமுனையில் இறங்கி, வழக்கம்போல் டீக்கடை பெஞ்சில் உட்காரப் போனவன், அங்கிருந்தே மொட்டை மாடியைப் பார்த்துவிட்டான். கைப்பிடிச் சுவர் மேல், திருப்பதியின் நாலு மணி வெயிலில், அந்தச் சின்னத் தொட்டி! டீ கூடச் சொல்லாமல் ஓடி வந்துவிட்டான்.

தொட்டியில் இருந்தது ஒரு சக்குலன்ட் செடி. கொழுத்த இலைகள் தாமரை மாதிரி அடுக்கடுக்காக விரிந்திருக்கும். இப்போது ஓரமெல்லாம் கருகி, நடுவில் யாரோ சூடு போட்டது மாதிரித் தழும்பு விழுந்திருந்தது. மாடி மூலையில், போன ஞாயிற்றுக்கிழமை அவன் கட்டிய பச்சை வலைக்குக் கீழே நிழல் சும்மாக் கிடந்தது.

மாடியில் காயவைத்த மிளகாயை அள்ளிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா கமலம்மா சிரித்தாள்.

"கள்ளிச் செடிக்குப் பந்தலு! எனக்கு ஒரு கொட புடிக்க ஆள் இல்ல."

"நேர் வெயில் இதுக்கு ஆவாது ஆன்ட்டி. எத்தினி வீடியோ பார்த்து வலை கட்டினேன் தெரியுமா? கொரங்கு கிரங்கு வந்து தூக்கி வெச்சிருக்குமா?"

"கொரங்கு வந்தா என் மொளகாயத்தான் எறைக்கும். உன் கள்ளிய இன்னா பண்ணும்?" கமலம்மா முறத்தைத் தட்டினாள். "உன் பொண்டாட்டிதான்பா. தெனமும் மத்தியானம் சோறு துன்ன கையோட கொண்டாந்து சுவத்து மேல வெக்கிது. பொழுது சாஞ்சப்புறம் தூக்கினு போவுது. நான் பார்த்துகினுதானே கீறேன்."

மணிவேலுக்குச் சுருக்கென்றது. பவ்யாவா?

அந்தத் தொட்டியை அவன் வாங்கித் தந்தபோது இருவரும் காலேஜில் கடைசி வருடம். அவள் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். நகரியிலிருந்து பஸ்ஸில் வரும் அவன், நண்பன் சுரேஷ்பாபுவின் ஓட்டை ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு அந்தத் தெருவைச் சுற்றுவான். அத்தை வீட்டு மாடிச் சுவரில் இந்தச் செடி தெரிந்தால் போதும், ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிடுவான்.

இரண்டு வீட்டையும் எதிர்த்துத்தான் கல்யாணம். அவள் வரும்போது எடுத்து வந்தது ஒரு துணிப்பையும் இந்தத் தொட்டியும்தான். அதை அவளே கருக விடுகிறாள் என்றால்?

அவர்கள் குடியிருந்த மாடி அறைக்குள்ளிருந்து பவ்யா வந்தாள். கையில் இரண்டு டம்ளர் டீ. ஆவி பறந்தது. தலையில் புதுசாகக் கனகாம்பரம். அவன் எதையும் கவனிக்கவில்லை.

"நீதான் வெச்சியாமே?"

"ஆமா. நான்தான்."

"எதுக்கு? இலையப் பாரு, எப்பிடி வெந்து கீதுன்னு. இன்னும் நாலு நாளு இப்பிடியே போனா செத்துடும்."

"தெரியும்."

"தெரிஞ்சே பண்றியா?" அவன் குரல் இறங்கியது. "பவ்யா, இந்தச் செடி புடிக்கலன்னா சொல்லிடு. என்னையே புடிக்கலன்னாலும் இப்பவே சொல்லிடு. இத இப்பிடி வதைக்காத."

கமலம்மா முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நான் கீழ போறேம்மா. நீங்க பேசிக்கோங்க" என்று படியிறங்கினாள்.

பவ்யா டம்ளர்களைச் சுவர் மேல் வைத்தாள்.

"அத்த வீட்லயும் இது சுவத்து மேலதான் நின்னுச்சு. இதே மாதிரி மேக்கு வெயிலு. அப்போ கருகுச்சா?"

"இல்ல. பச்சப்பசேல்னு கெடந்துச்சு."

"ஏன்?"

"ஏன்னா... அப்போ கன்னு. தெம்பா இருந்துருக்கும்."

"மண்ணாங்கட்டி! எல்லா வீடியோவும் பாரு. ஒண்ணத்துக்கும் பிரயோஜனம் இல்ல." அவள் சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. "அப்போ இது எந்தக் கெழமைல சுவத்துல ஏறும்? அதாவது ஞாபகம் கீதா?"

"வெள்ளிக்கெழம."

"வெள்ளிக்கெழம அத்த எங்க போவாங்க?"

"திருச்சானூரு கோயிலுக்கு..." என்றவன் திரும்பித் தெருவைப் பார்த்தான்.

தெருமுனை டீக்கடை அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அவன் தினமும் இருட்டும் வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்காரும் பெஞ்சு, நேராக இந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்போல்லாம் நான் தொட்டிய வெச்சுட்டு அடுப்புல பாலு வெப்பேன். அது பொங்கறதுக்குள்ள நீ வாசல்ல நிப்ப. நானும் ஓடிப்போய் இத உள்ள எடுத்துடுவேன். அதான் அப்போ கருகல" என்றபடி பவ்யா சுடும் தொட்டியை முந்தானையால் பிடித்துத் தூக்கினாள்.

பச்சை வலையின் நிழலில் அதை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்குத்தான் பார்த்தவொடனே ஓடி வந்துட்டியே. இனிமே இதுக்கு எதுக்கு வெயிலு?"